பன்னிரண்டு மாதப் பாதுகாப்பு

மருந்துக் குப்பிக்கு முடிவுத் திகதி உண்டு. வாகன அனுமதிப்பத்திரத்துக்கும் உண்டு. அடியுதையின்றி உயிர்வாழ்வதற்கு ஒரு பெண்ணுக்குள்ள உரிமைக்கும் முடிவுத் திகதி குறித்து வைத்திருக்கும் சட்டமொன்று எமது நாட்டில் வழக்கிலுள்ளது. அச்சட்டத்தின் நன்மைகளை மேடைகளிற் புகழ்வோர் பலர். அதன் கால எல்லையைப் பற்றி வாய் திறப்போர் மிகச் சிலர். இம்மௌனத்தின் விலையை வன்னிப் பெருநிலப்பரப்பின் பெண்கள் செலுத்துகின்றனர் என்பதையும், அவ்விலையை இனியும் அவர்களிடம் அறவிடுவது நீதியாகாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பல வகையில் வரவேற்கத்தக்கது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். உடலில் விழும் அடியை மட்டுமன்றி, தொடர்ச்சியான கொடுமையாலும் இழிவுபடுத்தலாலும் உள்ளத்தில் விழும் அடியையும் அது வன்முறையெனக் கொள்கின்றது. கணவன், முன்னாட் கணவன், கூடி வாழ்பவன் ஆகிய மூவரையும் அது கட்டுப்படுத்தும். போரின் இறுதி ஆண்டுகளில், பதிவேதுமின்றி அவசர அவசரமாக நடந்த திருமணங்களை அறிந்த வன்னி மக்களுக்கு இவ்விரிவின் அருமை விளங்கும். பாதிக்கப்பட்டவர் தாமே நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். எதிராளி வீட்டினுள் நுழைவதையும், தொழிலிடத்துக்கோ பாடசாலைக்கோ பின்தொடர்ந்து வருவதையும், குடியிருக்கும் வீட்டை விற்று மனைவியைத் தெருவில் நிறுத்துவதையும் நீதிமன்றம் தடுக்கலாம். கட்டளையை மீறுபவனுக்குப் பத்தாயிரம் ரூபா வரையிலான தண்டமோ, ஓராண்டு வரையிலான சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இத்துணை சிறப்புக்களையும் ஒரே வரியிற் குலைத்துவிடுகின்றது அதன் கால எல்லை. பாதுகாப்புக் கட்டளையொன்று பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படலாகாது. அதற்கு முன்னர் வழங்கப்படும் இடைக்காலக் கட்டளையோ, விசாரணை முடியும்வரை, ஒரு தடவைக்குப் பதினான்கு நாட்களுக்கு மேற்படாதவாறு நீடிக்கப்பட்டுச் செல்வது. கட்டளையை நீடிக்கும்படி கேட்பதற்கு வழியிருக்கின்றது. ஆனால், முதற்கட்டளை பிறந்த பின்னர் சூழ்நிலை மாறியுள்ளதென்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டுமென்பது விதி.

இவ்விதியைச் சற்று நிதானித்து நோக்குவோம். கட்டளை பிறந்தது, அவன் சிறைக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தான், ஓராண்டு அமைதியாகக் கழிந்தது. இனி அவள் நீதவான்முன் நின்று எந்த மாற்றத்தைக் காட்டுவாள்? அடிபட்டிருந்தால் காட்டுவதற்குக் காயம் இருக்கும். அடிபடாதிருப்பதே அவளது வழக்குக்குப் பலவீனமாகிவிடுகின்றது. கட்டளை தன் கடமையைச் செவ்வனே செய்ததென்பது, அது இனித் தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படும் விந்தையை என்னென்பது! இவ்வாண்டு வயலுக்குள் வெள்ளம் வரவில்லையென்று இரணைமடுக் குளக்கட்டை வெட்டிவிடும் கமக்காரன் ஒருவனை வன்னியில் எவரேனும் கண்டதுண்டா? கட்டு நின்றமையாலன்றோ வெள்ளம் வரவில்லை. குளக்கட்டுக்குப் பொருந்தும் நியாயம் குடும்பப் பெண்ணுக்குப் பொருந்தாதுபோன காரணந்தான் யாது?

கொழும்பிலிருந்து சட்டம் வரைந்தோர் பதினான்கு நாள் தவணையைச் சிறியதோர் ஒழுங்காகக் கருதியிருக்கலாம். பூநகரியிலிருந்தும் கண்டாவளையிலிருந்தும் கிளிநொச்சி நீதிமன்றத்துக்கும், துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் முல்லைத்தீவுக்கும், நெடுங்கேணியிலிருந்தும் செட்டிகுளத்திலிருந்தும் வவுனியாவுக்கும் பயணம் செய்யும் பெண்ணுக்கு அது சிறியதன்று. விடியற்காலை பேருந்தைப் பிடித்தால் ஒரு நாட் கூலி போயிற்று. பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. எதிராளிக்கு அழைப்பாணை சேரவில்லையெனத் தவணை தள்ளிப்போனால் அந்நாளும் வீண். அதே பேருந்தில், நான்கு ஆசனம் பின்னால், அவனே அமர்ந்து வருதலும் நடக்கக்கூடியதே. இவ்வாறு அலைந்து பெற்ற கட்டளை ஓராண்டிற் காற்றோடு போய்விடுமெனின், மீண்டும் முதலிலிருந்து தொடங்க எத்தனை பேருக்கு உடலிலும் உள்ளத்திலும் வலு எஞ்சியிருக்கும்?

தூரத்தோடு துயர் முடிவதில்லை. வன்னியின் குடியேற்றத் திட்டங்களிற் காணி பெரும்பாலும் அரச அனுமதிப்பத்திரக் காணியே. அனுமதிப்பத்திரம் நெடுங்காலமாகக் குடும்பத் தலைவன் எனப்பட்ட ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டு வந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரிமையில் ஆண் மகவுக்கு அளித்திருந்த முதன்மை 2022ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின்னர் முகாமிலிருந்து மீண்டு, பற்றை வெட்டி, கல் சுமந்து, வீட்டைக் கட்டியெழுப்பியதில் அவளது உழைப்பும் இருக்கின்றது. அக்காணியின் பத்திரத்திலோ பெரும்பாலும் அவன் பெயர். பாதுகாப்புக் கட்டளை உள்ளவரை அவள் அவ்வீட்டிற் குடியிருக்கலாம். கட்டளை முடிந்த மறுநாட் காலை, படலையைத் திறந்துகொண்டு அவன் வருவதைத் தடுக்க அவளிடம் என்ன உண்டு?

சீதனமாகப் பெற்ற காணி அவள் பெயரில் உள்ளதே, அதனை விற்றுவிட்டு வேறிடம் போகலாமே என்பர் சிலர். வடமாகாணத் தமிழரை ஆளும் தேசவழமையையும், அதனோடிணைந்த 1911ஆம் ஆண்டின் விவாக, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் அவர்கள் ஒருமுறை வாசித்தல் நலம். மணமான பெண் தனது அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இன்றேல் மாவட்ட நீதிமன்றத்தின் படியேற வேண்டும். எவனிடமிருந்து தப்ப நினைக்கின்றாளோ அவனது கையொப்பமே தப்பும் வழியின் திறவுகோல்!

இனி, கால எல்லையை நீக்கலாகாது என்போரின் வாதங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது வாதம், நிரந்தரக் கட்டளை குடும்பத்தைப் பிரித்துவிடும் என்பது. பாதுகாப்புக் கட்டளை விவாகரத்தன்று. அது திருமணத்தைக் கலைப்பதில்லை. குடும்பம் உடைவது கட்டளைக் கடதாசியினாலன்று, அதற்கு முன்னர் ஓங்கிய கையினாலாகும். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பழமொழியைப் பெண்ணுக்கு உபதேசிக்கும் எம்மவர், அணைக்கிற கை அடிக்கலாகாது என்று ஆணுக்கு உபதேசித்ததுண்டா? உண்மையில் மனந்திருந்தி இருவரும் கூடிவாழ விரும்பின், கட்டளையை நீக்கும்படி அவளே கேட்கலாம். அக்கோரிக்கை அவளது சுயவிருப்பில் எழுந்ததா என்பதை நீதிமன்றம் உறுதிசெய்துகொள்ள வேண்டுமெனச் சட்டமே கூறுகின்றது.

இரண்டாவது வாதம், ஆணுக்கு அநீதி நேரும் என்பது. கட்டளையை மாற்றவோ நீக்கவோ விண்ணப்பிக்கும் உரிமையை எதிராளிக்கும் இதே சட்டம் வழங்கியுள்ளது. கால எல்லையை நீக்கினாலும் அவ்வுரிமை அழிவதில்லை. கேள்வி, நிரூபிக்கும் சுமை எவர் தோளில் என்பதே. இன்று, ஆபத்து நீங்கவில்லையென ஆண்டுதோறும் அவள் நிரூபிக்க வேண்டியுள்ளது; ஆபத்து நீங்கிவிட்டதென அவன் நிரூபிப்பதே முறை.

மூன்றாவது வாதம் வன்னிக்கே உரியது, கேட்பதற்கு உருக்கமானது. போரில் நொந்த ஆண், உறவையும் உறுப்பையும் இழந்தவன், மதுவில் வீழ்ந்துவிட்டான். அவனைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும் என்பர். அவனது நோவு பொய்யன்று; அதற்கு மருத்துவமும் உளவளத்துணையும் வேண்டும். ஆயின் முள்ளிவாய்க்காலில் அவன் கிடந்த அதே பதுங்குகுழியிலேதான் அவளும் கிடந்தாள். அவன் இழந்த பிள்ளை அவள் பெற்ற பிள்ளையுமாகும். அதே நோவைச் சுமந்த அவள் எவரையும் அடிக்கவில்லை. ஆகவே போர் துயரத்துக்குக் காரணமாகலாம். கொட்டனுக்கு அனுமதிப்பத்திரம் ஆகாது.

நாம் கேட்பது உலகம் காணாத புதுமையுமன்று. எமது பாராளுமன்றம் இச்சட்டத்தை இயற்றிய அதே 2005ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றமும் வீட்டு வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமொன்றை இயற்றியது. அங்கே பாதுகாப்புக் கட்டளை, பாதிக்கப்பட்ட பெண் அதனை விலக்குமாறு விண்ணப்பிக்கும்வரை நிலைத்து நிற்கும். தென்னாபிரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் இறுதிக் கட்டளை நீதிமன்றம் நீக்கும்வரை உயிருடன் இருக்கும். பாக்கு நீரிணைக்கு அக்கரையிலுள்ள தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு நீதி, இக்கரையிலுள்ள தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு நீதியா?

அக்கரைக்கும் போகவேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் இதே நீதவான் நீதிமன்றம் தாபரிப்புக் கட்டளை வழங்குகின்றது. அக்கட்டளை பன்னிரண்டு மாதத்தில் தானே இறந்துபோவதில்லை. நீதிமன்றம் மாற்றும்வரை நிற்கின்றது. சோற்றுக்கான கட்டளை தொடர்ந்து நிற்கத் தக்கதெனின், சோறு உண்ணும் உயிருக்கான கட்டளை மட்டும் ஆண்டோடு சாகவேண்டும் என்பது எவ்வகைத் தர்க்கம்?

ஆகவே செய்யவேண்டியன தெளிவானவை. பன்னிரண்டு மாத வரம்பு சட்டத்திலிருந்து நீக்கப்படல் வேண்டும். நீதிமன்றம் விலக்கும்வரை கட்டளை நிலைக்க வேண்டும். பாராளுமன்றம் அதனைச் செய்யும்வரை, நீடிப்பு விண்ணப்பம் உரிய காலத்தில் இடப்பட்டால் தீர்ப்பு வரும்வரை பழைய கட்டளை வலுவிலிருக்க வழிசெய்தல் வேண்டும். கட்டளை மீறப்படவில்லை என்பது மட்டுமே நீடிப்பை மறுக்கும் காரணமாகலாகாது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலுமுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் கட்டளைகளின் முடிவுத் திகதிகளைக் குறித்துவைத்து, இரு மாதங்களுக்கு முன்னரே உரியவருக்கு அறிவித்தல் வேண்டும். விண்ணப்பிக்கத் தமக்குள்ள அதிகாரத்தைப் பொலிஸார் பயன்படுத்த வேண்டும். ‘இனி அடிக்கமாட்டேன்’ என்று எழுதுவித்துக் கையொப்பம் வாங்கி இருவரையும் ஒரே வீட்டுக்கு அனுப்பும் சமரச வித்தை ஒழிய வேண்டும். முறைப்பாடும் கட்டளையும் அவளுக்கு விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும்.

இவற்றிற் சில கொழும்பின் கையிலுள்ளன. சில எமது கையிலேயே உள்ளன. நீடிப்பு விண்ணப்பமொன்றை எழுதிக் கொடுக்கச் சட்டம் பயிலும் மாணவருக்குப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவின் படிவத்தை நிரப்பத் தமிழறிந்த எவராலும் இயலும்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை நோக்கி வன்னியே திரண்டு செல்கின்றது. அங்கே நாம் வணங்கும் தெய்வம், அரசவைக்குத் தனியே சென்று, ஆட்சியாளன் முகத்துக்கு நேரே நீதி கேட்ட ஒரு பெண். அவள் கேட்டது கணவனுக்காக என்பர். ஆம், எனினும் நீதி கேட்கப் பெண் சபை ஏறலாம் என்பதற்கு அவளே சாட்சி. அவளுக்குப் பொங்கிப் படைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில், நீதிமன்ற வாசலில் நிற்கும் அயல்வீட்டுப் பெண்ணைக் கண்டு முகஞ்சுளிக்கும் சமுதாயம் எதனை வணங்கிவிட்டு வந்தது? கண்ணகிக்கு மடை பரவும் மண்ணில், உயிர்வாழும் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கவேண்டிய பாதுகாப்பே கிடைக்கும் என்ற நிலை மாறுதல் வேண்டும். மாற்றுதல் எம் கடன்.