போஜனமா, நித்திரையா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையின் வாலிபச் சகோதரர் ஒருவர் சற்றுத் தயங்கியபடி என்னிடம் வந்தார். மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறவர். "பாஸ்டர், அடுத்த வாரம் கம்பெனியில் என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறார்கள். முதன்முறையாகப் பிசினஸ் கிளாஸ். இரவு பதினொரு மணிக்கு விமானம், காலை ஒன்பதரைக்கு மீட்டிங். நீங்கள் அப்படிப் போயிருக்கிறீர்களாமே, எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "சாப்பிடாதீர்கள், தம்பி" என்றேன். அருகில் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டிற்கு வந்தபின் என் பதில் மனதை உறுத்தியது. அதன் காரணத்தை அவருக்குச் சொல்லவில்லையே என்று தோன்றியது. ஆகவே இம்மாதப் பக்கத்தை அதற்கென்றே ஒதுக்குகிறேன்.

பிசினஸ் கிளாஸைக் குறித்து எழுதக் கூச்சமாகவே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பெங்களூருக்கு வந்ததே இரண்டாம் வகுப்புப் பெட்டியில்தான். இன்றும் ஊருக்குப் போக நாகர்கோவில் ரயிலில் இடம் கிடைத்தால் அதுவே பெரிய ஆசீர்வாதம். ஆனால் அந்த ரயிலில் நாம் எவ்வளவு ஞானமாய் நடந்துகொள்கிறோம் என்பதைக் கவனித்ததுண்டா? தருமபுரி வருமுன் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம். சேலம் வருமுன் நடு பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டு, விளக்கை அணைத்துவிடுவோம். எதிர் இருக்கைக்காரர் தாமதித்தால், "சார், சாப்பிட்டாச்சா?" என்று நாசூக்காக நினைவூட்டவும் செய்வோம். இரவு என்பது உறங்குவதற்கு என்பதை ரயிலில் நமக்கு ஒருவரும் கற்பிக்கவேண்டியதில்லை. விமானத்தில் ஏறியவுடன்தான் அதை மறந்துபோகிறோம்.

பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 4½ மணி நேரப் பிரயாணம். துபாய்க்கும் ஏறத்தாழ 4 மணி நேரம். இவற்றை இரவுப் பிரயாணம் என்கிறோமேயன்றி, உள்ளபடி அவை அரை இரவுப் பிரயாணங்களே. சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட 2½ மணி நேரம் முந்தியது. அங்கே காலை 6 மணிக்கு இறங்குகிறவனுடைய சரீரத்திற்கு அப்போது விடியற்காலம் 3.30 மணிதான். அவ்வூரில் சூரியன் உதிப்பது 7 மணியளவில் என்பதால், வெளியே வந்து பார்த்தாலும் இருட்டாகவே இருக்கும். இந்த 4½ மணி நேரத்தில் விமானம் மேலேறுவதற்கு முதல் அரைமணி நேரம் போய்விடும். இறங்குமுன் இருக்கையை நிமிர்த்தச் சொல்லி எழுப்பிவிடுவார்கள். அதற்கு இன்னும் அரைமணி நேரத்துக்கு மேல். மிஞ்சுவது 3½ மணி நேரம். மனித நித்திரை ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடைபெறுகிறது. சரீரத்தைத் தேற்றும் ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முதற் சுற்றுகளிலேயே வந்துவிடுகிறது. எனவே அந்த 3½ மணி நேரத்தை முழுமையாகக் காப்பாற்றிக்கொண்டால் இரண்டு சுற்றுகள் கிடைக்கும். அடுத்த பகலைத் தாங்க அது போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது ஓர் ஊன்றுகோல்.

இங்கேதான் விசித்திரம். எகானமி வகுப்பில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்து, அரைமணி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பிசினஸ் கிளாஸிலோ மரியாதை அதிகம். மரியாதை என்றால் தாமதம். சூடான துவாலை, மேஜைவிரிப்பு, முதல் தட்டு, ரொட்டி, இரண்டாம் தட்டு, பழம், இனிப்பு, காப்பி என்று ஒவ்வொன்றாய் வரும். ஒவ்வொன்றையும் எடுத்துச்சென்ற பின்னரே அடுத்தது வரும். ஒன்றேகால் மணி நேரம் கடந்துவிடும். படுத்து உறங்குவதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய இடத்தில், உட்கார்ந்து உண்பதிலேயே இரவு கழிந்துபோகும்.

2017-ம் ஆண்டின் இறுதியில் எனக்கு நேர்ந்ததும் இதுவே. என் அண்ணன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் உழைத்தவர். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணன் மகன் எனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினான். நான் ஆட்சேபித்தேன். "சித்தப்பா, உங்கள் முதுகுக்குச் சாதாரண இருக்கை ஆகாது. படுத்துத் தூங்கிக்கொண்டு வாருங்கள். காலையில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அப்பா உங்களிடம் ஏதோ பேசவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்" என்றான்.

விமானம் 11.05-க்குப் புறப்பட்டது. வந்ததையெல்லாம் சாப்பிட்டேன். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் இருந்தன, ஐஸ்கிரீமும் இருந்தது, கடைசியில் காப்பியும் குடித்தேன். வேண்டாமென்று சொல்லக் கூச்சம். பிள்ளை கொடுத்த பணம் வீணாகக்கூடாதே என்ற எண்ணம் வேறு. உண்மையைச் சொல்வதானால், ஆசையும் இருந்தது. பணிப்பெண் இருக்கையைக் கட்டிலாக்கி மெத்தை விரித்துக் கொடுத்தபோது மணி 12.50. படுத்தேன். வயிறு கல்லைப்போல் கனத்தது. புளித்த ஏப்பம் தொண்டைவரை எழும்பியது. புரண்டு புரண்டு படுத்துக் கண் சொருகும் வேளையில் விளக்குகள் எரிந்தன. மணி 2.50. அரைமணி நேரம் உறங்கியிருந்தால் அதுவே அதிகம்.

இதன் காரணத்தைப் பிற்பாடு படித்து அறிந்தேன். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்திற்குரியதாக வைக்கப்படுகிறது. நம் ஊட்டி 7,300 அடிக்குச் சற்று மேல். அதாவது ஊட்டிக்கு ஏறிப்போய் நள்ளிரவில் விருந்துண்டு படுப்பதற்கு இது சமம். அழுத்தம் குறையும்போது வாயு விரிவடையும். 8,000 அடி அளவில் குடலிலுள்ள வாயு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலான இடத்தை அடைக்கும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழிந்தபின்தான் படுக்கவேண்டும் என்று வைத்தியர்கள் வீட்டிலிருப்பவனுக்கே சொல்லுகிறார்கள். நானோ பத்து நிமிடத்தில் படுத்தேன். அன்றியும், உள்ளே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்திற்கும் கீழே இருப்பதால் நாவும் மூக்கும் உலர்ந்து, உப்பும் இனிப்பும் மங்கலாகவே தெரியும். என்ஜின் இரைச்சலுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய இரைச்சல் இனிப்பை மட்டுப்படுத்தி, தக்காளி, காளான் போன்றவற்றிலுள்ள உமாமி என்னும் சுவையை மிகைப்படுத்துகிறது. (தக்காளி ரசம் கொடுத்தால் எல்லாரும் மகிழ்ச்சியாய்க் குடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் ஒருவரும் கொடுப்பதில்லை.) உணவோ தரையில் பல மணி நேரத்திற்கு முன் சமைத்து, குளிரூட்டி, மேலே அடுப்பில் மறுபடி சூடாக்கப்பட்டது. இதற்காகவா உறக்கத்தை விற்றேன்!

மதுவைக் குறித்து நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் ஓர் ஆய்வு நமக்கும் பயன்படும். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தார், 8,000 அடிக்குரிய அழுத்தமுள்ள அறையில் ஆரோக்கியமான வாலிபரை நான்கு மணி நேரம் உறங்கவைத்துப் பார்த்தார்கள், 2024-ல் வெளியிட்டார்கள். மது அருந்தி உறங்கியவர்களின் இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு சுமார் 85 சதவீதத்திற்கு இறங்கியது. அருந்தாதவர்களுக்கே அது சுமார் 88 ஆக இருந்தது. ஆகவே இருதயக் கோளாறோ, நுரையீரல் நோயோ உள்ள பெரியவர்கள், பிள்ளைகள் அன்பாக டிக்கெட் அனுப்பினாலும், புறப்படுமுன் வைத்தியரைக் கேட்பது நல்லது. மது வேண்டாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நமக்குச் சோதனை காப்பியில்தான். குடித்த காப்பியில் பாதி சரீரத்தைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். விமானம் அதற்குள் இறங்கிவிடும்.

அன்று காலை எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்து மணிபோல அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார். ஊர் வீட்டைப் பற்றி, அப்பாவைப் பற்றி. "தம்பி, அப்போது இதை நான் உன்னிடம் சொல்லவில்லை" என்று அவர் ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அதற்குப்பின் ஒன்றும் நினைவில்லை. நான் கண் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் 11.20. அண்ணன் உறங்கிக்கொண்டிருந்தார். கதவருகே நின்றிருந்த அண்ணி சொன்னார்: "நீங்கள் தூங்கினதைப் பார்த்தும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார், தம்பி. எனக்குச் சத்தம் கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. அப்புறம், 'தூங்கட்டும், எழுப்பாதே' என்றார்."

அன்றிரவே மூச்சுத்திணறல் கண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் குழாய் பொருத்தினார்கள். பிறகு அவர் பேசவில்லை. நான்காம் நாள் கடந்துபோனார். கெத்செமனேயில் உறங்கிய சீஷர்களைக் கடிந்துகொண்டு நான் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். அந்த வருஷத்திற்குப்பின் ஒன்றும் செய்யவில்லை.

பிரியமானவர்களே, அந்த வாலிபருக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லுகிறேன். அரை இரவுப் பிரயாணத்தில் போஜனம், நித்திரை இரண்டும் முழுமையாகக் கிடைக்காது. எது வேண்டும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடவேண்டும். மேஜைவிரிப்பு விரித்தபின் தீர்மானிக்க முடியாது. மாலை ஆறரை ஏழு மணிக்கே வீட்டில் மிதமாகச் சாப்பிட்டுப் புறப்படுங்கள். முடியாவிட்டால், அந்த டிக்கெட்டுக்கு விமான நிலைய ஓய்வறையில் உணவு உண்டு. அங்கே எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு இரவில் பறப்பது ஆறேழு மணி நேரப் பிரயாணம். அதற்கே, பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற நிறுவனங்கள் பயணிகளுக்குத் தரையிலேயே இராப்போஜனம் கொடுத்து, ஏறியவுடன் உறங்கவிட்டிருக்கின்றன. நாலரை மணி நேரம் பறக்கிற நமக்கு அது இன்னும் அதிகமாய்ப் பொருந்தும். எலியா சூரைச்செடியின் கீழ் முதலில் உறங்கினான்; அடையும் தண்ணீரும் அதற்குப் பிறகே வந்தன. அந்த வரிசை நல்ல வரிசை.

ஏறியவுடன் பணியாளரிடம், "எனக்கு உணவு வேண்டாம், இறங்கும் நேரம் வரை எழுப்பவேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் வருந்தமாட்டார்கள். பசி தாங்காதவர்கள், எல்லாவற்றையும் ஒரே தட்டில் உடனே தரும்படி கேட்கலாம். இருக்கைவாரைப் போர்வைக்கு மேலே தெரியும்படி பூட்டிக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போது வார் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க உங்களை எழுப்பமாட்டார்கள். எல்லா விமானத்திலும் இருக்கை முழுக் கட்டிலாவதில்லை. ஒற்றை நடைபாதையுள்ள சிறிய விமானங்கள் பலவற்றில் அது சாய்வு நாற்காலி மாத்திரமே. டிக்கெட் எடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை வியாதிக்காரர் மட்டும் என் பேச்சைக் கேட்டு உணவைத் தள்ளிவிடக்கூடாது. கிழக்கே போகும்போது நாள் சுருங்குவதால் இன்சுலினும் மாத்திரையும் எப்போது என்பதை வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பையில் பிஸ்கட் இருக்கட்டும். துபாயிலிருந்து விடியற்காலத்தில் தேவனஹள்ளியில் வந்து இறங்கும் சகோதரருக்கும் ஒரு வார்த்தை: நிறுத்திவைத்த காரை நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வீடுவரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

2019-ல் அண்ணன் மகனுக்குத் திருமணம். மறுபடியும் அதே வகுப்பில் டிக்கெட் அனுப்பினான். அன்று வீட்டில் ஆறரை மணிக்கு நான்கு இட்லி சாப்பிட்டேன். 11.25-க்குப் படுத்தேன், ஆட்டுக்கறி வாசனை வந்தபோது முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டேன். 2.45-க்கு எழுப்பினார்கள். ஜன்னலுக்குக் கீழே கடலில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் தெரிந்தன.

வாசலில் காத்திருந்த பிள்ளை, "சித்தப்பா, சாப்பாடு எப்படி இருந்தது?" என்றான். "தெரியாதப்பா" என்றேன். வீட்டிற்குப் போகுமுன் சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்திற்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டேன். பொழுது விடியும்வரை வெளியே காரில் உட்கார்ந்திருந்தோம். பின்பு அண்ணனுடைய கல்லறையருகே முக்கால் மணி நேரம் நின்றோம். எனக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை.