13 மில்லிமீட்டர்தானே!

அலாய் வீல் மாற்றுபவர்கள் டிசைன் பார்ப்பார்கள், விலை பார்ப்பார்கள். ஆஃப்செட்டைக் கேட்பவர்கள் குறைவு. வீலின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட்.

2012-ல் வந்த டொயோட்டா 86-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 17 அங்குல வீலுக்கு +48 மி.மீ. அதே அகலத்தில் +35 மாட்டினால் ஒவ்வொரு சக்கரமும் 13 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 26 மி.மீ.! வளைவில் எடை ஒரு பக்கம் சாய்வது கொஞ்சம் குறையும், உண்மைதான்.

ஆனால் சும்மா கிடைக்குமா? ஸ்டீயரிங் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள கணக்கு மாறிவிடும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை இழுக்கலாம். பேரிங்குக்கும் சுமை கூடும்.

வெறும் தோற்றத்துக்காக என்றால் கம்பெனி கொடுத்த எண்ணே மேல். சஸ்பென்ஷனை அமைத்ததே அதை வைத்துத்தான்.