சிறுகுழுச் சுற்றுலாவும் எழுபது பேர் புதைந்த மலையும்

கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கான ஒருநாள் சுற்றுலா, யார் ஏற்பாடு செய்தாலும் ஏறத்தாழ ஒரே வடிவில்தான் விற்கப்படுகிறது. காலையில் மூணாற்று விடுதி வாசலில் வேன் வந்து நிற்கும். எட்டுப் பேரோ பன்னிரண்டு பேரோ கொண்ட சிறு குழு, ஆங்கிலம் அறிந்த ஒரு வழிகாட்டி. மறையூர்ச் சாலையில் ஐந்தாம் மைல் நுழைவாயில். அங்கிருந்து வனத்துறையின் பேருந்தில் தேயிலைச் சரிவுகளினூடே ராஜமலை. பின்னர் சாலையோரமாகச் சிறு நடை, வரையாடு, ஒளிப்படம். மாலைக்குள் மாட்டுப்பட்டி அணையும் தேயிலை அருங்காட்சியகமும் முடிந்து, பயணி விடுதிக்குத் திரும்பிவிடுவார்.

சுற்றுலாவியல் ஆய்வுகளில் இந்த வடிவத்துக்கு நற்பெயர் உண்டு. கூட்டம் குறைவு, குப்பை குறைவு, இரைச்சல் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டியின் விளக்கவுரை உடன் இருப்பதால் பயணி வெறுமே பார்த்துவிட்டுப் போவதில்லை, கற்றுத் திரும்புகிறார் என்பது வாதம். கருத்தரங்கக் கட்டுரைகள் தாங்குதிறனைக் கணக்கிடுகின்றன. பயணியின் மனநிறைவை ஐந்து புள்ளி அளவுகோலில் அளக்கின்றன. குழு சிறுத்தால் பொறுப்பு பெருகும் என்று முடிக்கின்றன. கேரளம் 2008இல் குமரகம் முதலிய இடங்களில் தொடங்கி 2017இல் தனி இயக்கமாகவே ஆக்கிய பொறுப்புச் சுற்றுலா இந்த நம்பிக்கைக்கு அரசு முத்திரையும் வழங்கியது. குழுவின் அளவைப் பற்றிய கணக்கில் பிழையில்லை. எண்பது பேரைக் காட்டிலும் எட்டுப் பேர் புல்வெளிக்கு நல்லவர்கள்தாம். பிழை, ‘கற்றுத் திரும்புகிறார்’ என்னும் இரண்டு சொற்களில் இருக்கிறது. எதைக் கற்று?

ராஜமலையில் பேருந்து நின்றுவிடுகிறது. சாலை நிற்பதில்லை; அது பெட்டிமுடிக்குப் போகிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, ஒரே நாளில் 600 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டியபின், பெட்டிமுடியின் மேற்சரிவு இடிந்து இறங்கியது. லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் நான்கு, உறங்கிக்கொண்டிருந்த மனிதரோடு அதில் அடித்துச் செல்லப்பட்டன. மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. இறந்தவர் எழுபது பேர். அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்தம் பிள்ளைகளும். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. கண்டெடுத்த உடல்களை ஒருசேர அடக்கம் செய்த இடம் ராஜமலை. சுற்றுலாப் பட்டியல்களில் வரையாட்டுப் படத்தின் கீழ் அச்சிடப்படும் பெயரும் அதுவே.

அந்த ஆகஸ்டில் நாடு பெட்டிமுடியை எவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தது என்பதும் பதிவில் உள்ள செய்திதான். மறுநாள் கரிப்பூர் விமான விபத்து நிகழ்ந்தது. விமானத்தில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாயும் பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்துக்கு ஐந்து லட்சமும் மாநில அரசு அறிவித்தது. கரிப்பூருக்கு அடுத்த நாளே சென்ற முதலமைச்சர் பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13இல் வந்தார். வானிலை காரணமாகச் சொல்லப்பட்டது. வீடிழந்தவர்களுள் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது. பெட்டிமுடியிலிருந்து நாடறிந்த பெயர் ஒன்று உண்டென்றால் அது ‘குவி’. தன் வீட்டுக் குழந்தையின் உடலை மோப்பம் பிடித்துக் காட்டிய நாய் அது. எழுபது மனிதருள் ஒருவர் பெயரையேனும் அந்த அளவுக்கு அறிந்தவர் உளரா என்று எந்த வகுப்பறையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கு ஆயத்தமான மறுமொழி ஒன்று உண்டு. பெட்டிமுடி தோட்ட நிலம், பூங்கா நிலம் அன்று. பூங்காவின் விளக்கவுரையில் தோட்டத்துச் சாவு எதற்கு? சட்டப்படி சரியான மறுமொழி. ஆனால் அந்த எல்லைக்கோடு இயற்கை வரைந்தது அன்று. 1877இல் பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்கு வழங்கிய கண்ணன் தேவன் மலை நிலம் ஒரே நிலம். எங்கே தேயிலை வளருமோ அங்கே சோலை அழிந்தது. உயரமும் உறைபனியும் தேயிலைக்கு ஒவ்வாத இடத்தில் புல்வெளி தப்பியது. தப்பிய புல்வெளி தோட்டத் துரைமாரின் வேட்டைக்களமாயிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசு அதை மீட்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா, 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக உலக மரபுச் சின்னம். தேயிலைத் தோட்டமும் தேசியப் பூங்காவும் ஒரே குத்தகைப் பத்திரத்தின் இரு பிள்ளைகள். ஒன்றின் கதையை மற்றொன்றை மறைத்துச் சொன்னால் அது பாதிக் கதை என்பதோடு நிற்பதில்லை, பொய்யாகவும் ஆகிவிடுகிறது.

அந்தப் பொய்க்கு ஒரு பெயர் இருக்கிறது: ‘மனிதர் கைபடாத இயற்கை’. விளம்பரத் தாள்களில் இத்தொடர் சலிக்காமல் வருகிறது. கைபடாததாம்! 97 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும், உலகின் மிகப் பெரிய வரையாட்டுத் தொகுதியும் இங்கே தங்கியது மனிதர் கைபட்டதனால்தான். துரைமாரின் வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் முதுவர் குடி மக்களைக் காவலராக வைத்துக்கொண்டது. திருட்டு வேட்டையைத் தடுத்தவர்கள், மந்தைகளின் போக்குவரத்தை அறிந்து சொன்னவர்கள் அவர்களே. புல்வெளியைப் பகுதி பகுதியாக, காலம் பார்த்து, கட்டுப்பாட்டோடு எரித்து இளம்புல் துளிர்க்கச் செய்யும் முறை இங்கு நெடுங்காலம் கையாளப்பட்டது. இன்றும் லக்கம்குடி முதுவர்களின் சூழல் மேம்பாட்டுக் குழு பூங்காவின் சுற்றுலாப் பணிகளில் இருக்கிறது. ஆனைமுடியின் 2695 மீட்டர் உச்சியை ‘முதன்முதலில்’ ஏறியவர் 1862இல் சென்னைப் படையின் டக்ளஸ் ஹாமில்டன் என்று சொல்லப்படுகிறது. பதிவான முதல் ஏற்றம் அது என்பதில் ஐயமில்லை. மலையின் அடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் எவரும் அதற்கு முன் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று நம்புவதற்குத்தான் தனித் துணிச்சல் வேண்டும்.

முதுவரைப் பற்றி வழிகாட்டிகள் ஒன்றுமே சொல்வதில்லை என்பதில்லை. மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் திருமேனியை முதுகில் சுமந்து மலையேறினர், அதனால் முதுவர் ஆயினர் என்னும் வாய்மொழி மரபு சுவையாகச் சொல்லப்படும். வெளிநாட்டுப் பயணி குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அந்தச் சுமை முடியவில்லை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பெட்டிமுடிக்கு அப்பால் காட்டுவழியில் இருக்கிறது இடமலைக்குடி. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. அண்மை ஆண்டுகளில் சாலைப்பணி நடந்துவந்தாலும், நோயாளியையும் கர்ப்பிணியையும் டோலி கட்டித் தோளில் தூக்கி நடந்த செய்திகள் ஆண்டுதோறும் நாளேடுகளில் வந்தபடியே இருந்தன. வரையாடு குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பூங்கா மூடப்படுகிறது. அது செய்யத்தக்கதே; அதை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆட்டின் பேறுகாலத்துக்கு இத்துணை நுட்பமாகத் திட்டமிடத் தெரிந்த ஓர் அரசு, அதே சாலையின் கடைசியில் உள்ள பெண்களின் பேறுகாலத்துக்கு எத்தனை பதிற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது என்னும் கேள்வி, அந்த நுழைவாயிலிலேயே எழவேண்டிய கேள்வி.

ஆக ஒரே சாலையில் மூவர் போகின்றனர்: நுழைவுச்சீட்டு எடுத்த பயணி, கொழுந்துக் கூடையோடு தொழிலாளி, அரிசி மூட்டையோடு முதுவர். முதலாமவருக்கு மட்டுமே மலை ‘காட்சி’யாகிறது. மற்ற இருவரும் அவருடைய ஒளிப்படத்தின் ஓரத்தில் விழுந்தால், வெட்டி நீக்கப்படுகின்றனர். அல்லது, பச்சைப் பின்னணியில் வண்ணச் சேலை அழகாயிருந்தால், நடுவில் வைக்கப்படுகின்றனர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குற்றத்தை வழிகாட்டியின் தலையில் கட்டுவது எளிது, நேர்மையன்று. அன்றாடக் கூலிக்கும் பயணி கைபேசியில் இடும் நட்சத்திரக் குறிகளுக்கும் இடையே பிழைப்பவர் அவர். அவரே ஒரு லயத்தில் பிறந்தவராக இருத்தல் கூடும். ஓய்வு பெறும் நாளில் வீட்டைக் காலி செய்யவேண்டிய தாய்தந்தையரின் மகனாக இருத்தல் கூடும். அவர் பேசாமலிருப்பது அறியாமையால் அன்று. எதைச் சொன்னால் அடுத்த முன்பதிவு வரும் என்று அறிந்திருப்பதால். வரையாட்டின் பேரினப் பெயர் 2005இல் மாறிய நுட்பத்தைக்கூடச் சொல்லும் அளவுக்கு அவரை ஆயத்தப்படுத்தும் பயிற்சிகள், 2015இல் இதே மலையில் போனசுக்கும் கூலி உயர்வுக்கும் தொழிற்சங்கத் தலைமைகளையே ஒதுக்கிவைத்துச் சாலையில் அமர்ந்த பெண்களின் ‘பெம்பிளை ஒருமை’யைப் பற்றி ஒரு வரி வைத்திருக்கின்றனவா? ‘சோலை’ என்னும் தமிழ்ச்சொல் ஆங்கில வழியே சூழலியலின் கலைச்சொல்லாகிப் பயணியின் செவியை அடைகிறது. அந்தச் சொல்லைப் பேசுகிறவர்கள் அடைவதில்லை.

பொறுப்பின் பெரும்பங்கு ஆய்வுலகத்தினுடையது. நூலகத்தில் சூழல்சுற்றுலா நூல்கள் ஓர் அடுக்கில், தோட்டத் தொழிலாளர் வரலாறு வேறோர் அடுக்கில், பழங்குடியியல் மூன்றாவது அடுக்கில். ஓரடுக்கின் கட்டுரை மற்றோரடுக்கை மேற்கோள் காட்டுவது அரிது. இரவிகுளத்துப் பயணியின் மனநிறைவை அளக்கப் புகும் வினாநிரலில் கழிப்பறை இருக்கும், உணவு இருக்கும், வழிகாட்டியின் பணிவு இருக்கும்; வழிகாட்டி சொன்னது உண்மையா என்னும் கேள்வி இராது. விளக்கவுரைக் கலையின் மூலவராக எல்லாரும் மேற்கோள் காட்டும் ஃப்ரீமன் டில்டன், 1957இலேயே, விளக்கவுரை ஒரு கூற்றை மட்டும் காட்டாமல் முழுமையைக் காட்ட முயலவேண்டும் என்று வகுத்தவர். அவர் பெயர் கட்டுரைகளின் முதற் பக்கத்தில் வருகிறது. அவர் கேட்ட முழுமை கடைசிப் பக்கம் வரையிலும் வருவதில்லை. இதழ்களுக்கு அனுப்பப்படும் இத்தகைய கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களும் இதே அடுக்கில் அமர்ந்தவர்கள் ஆதலால், குறை குறையாகத் தோன்றாமலே அச்சேறுகிறது.

விடுமுறைக்கு வந்தவரிடம் சாவைப் பேசலாமா என்பது ஓர் எதிர்வாதம். அதற்கு நெடிய மறுமொழி வேண்டியதில்லை. இதே பயணி வேறோர் ஊரில் போர்க் கல்லறைக்குப் போகிறார், அந்தமான் சிற்றறைச் சிறைக்கு வரிசையில் நிற்கிறார், ஜாலியன்வாலா பாக்கின் குண்டுத் துளைகளைத் தொட்டுப் பார்க்கிறார். பயணிக்குச் சாவு ஒவ்வாததன்று. கூலிக்காரரின் சாவுதான் இன்னும் வரலாறாக ஏற்கப்படவில்லை.

மற்றோர் எதிர்வாதம் கனமானது. பெட்டிமுடியைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்த்தால் துயரமே சரக்காகிவிடாதா? ஆகிவிடும். சிதைந்த லயத்தின் முன் தற்படம் எடுக்கும் கூட்டம் வர ஒரு பருவம் போதும். ஆகவே வேன்கள் பெட்டிமுடி வரை போகவேண்டும் என்பது கோரிக்கை அன்று. பயணிகள் அந்த இடத்துக்கு வரலாமா, அடக்கத் தலத்தைக் காட்டலாமா என்பதை இறந்தோர் குடும்பத்தாரே முடிவு செய்யவேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுவே முடிவு. ஆனால் இடத்தைக் காட்டாதிருப்பது வேறு, நிகழ்வைச் சொல்லாதிருப்பது வேறு. “இச்சாலையின் அப்புறத்தில் 2020இல் நிலச்சரிவில் எழுபது பேர் இறந்தனர், இக்குன்றுகளைத் தேயிலையாக்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்” என்னும் இரண்டு வரிகளுக்கு எவருடைய இசைவும் தேவையில்லை. அதைச் சொல்ல ராஜமலைப் பேருந்தில் போகும் நேரம் தாராளம்.

தமிழகப் பல்கலைக்கழகத் துறைகள் மாணவரைக் களப்பயணம் என்று அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் இதே வேனில்தான். திரும்பிவந்து சமர்ப்பிக்கும் அறிக்கைகளில் வரையாட்டின் எண்ணிக்கை இருக்கும், தாவரப் பட்டியல் இருக்கும், குழுப்படம் இருக்கும். கயத்தாற்றிலிருந்து மலையேறிய மக்களின் மொழியிலேயே எழுதப்படும் அறிக்கையில் கயத்தாறு இராது. மொழி அறியாத வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு சாக்கு உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் “எந்த ஊர் அக்கா?” என்று கேட்டால் போதும் என்ற நிலையில் உள்ள மாணவருக்கும் அவரை அழைத்துச் சென்ற பேராசிரியருக்கும் அந்தச் சாக்கும் இல்லை.

2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி 2030இல் மறுபடியும் பூக்கும். 2018இல் பெருவெள்ளம் சாலைகளை அறுத்துக் கூட்டத்தைத் தடுத்தது. 2030இல் வரப்போகும் கூட்டத்துக்கான நுழைவு விதிகளும் வழிகாட்டிப் பயிற்சியும் தகவல் பலகைகளும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்டுவிடும். எழுதும் குழுவில் வனத்துறை இருக்கும், சுற்றுலாத்துறை இருக்கும், பல்கலைக்கழகத்திலிருந்து வல்லுநர் ஒருவரோ இருவரோ இருப்பர். ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவரும் இடமலைக்குடி முதுவர் ஒருவரும் அதே மேசையில், அதே அமர்வுப்படியோடு அமரவேண்டும் என்பதை அந்த வல்லுநர்கள் இப்போதே எழுத்தில் கேட்கலாம்.