ஆர்.சி. புத்தகம் யார் பெயரில்?

ஓய்வு பெற்றபின் ஓர் ஆசை: இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். வீட்டில் சிரித்தார்கள், போகட்டும். மூன்றாம் மாதமே எஞ்சின் விளக்கு எரிந்தது. கதிர்காமத்தில் முப்பது வருடமாக என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "சென்சார் கோளாறுதான் சார். இந்த மாடலைப் படிக்கிற ஸ்கேனரை வெளி ஆளுக்குத் தரமாட்டாங்க."

கம்பெனி சர்வீஸிலோ ஈ.சி.எம். எனும் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். நான் கார் வாங்கிய விலையில் பாதி! அம்பாசிடர் காலத்தில் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினால் வண்டி கிளம்பிவிடும்.

ஊருக்கெல்லாம் இதே கதைதான். உதிரிபாகமும் சோதனைக் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடவில்லை என்று, 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022-இல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. இணையதளமா என் காரைக் கிளப்பும்? கருவியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போடுங்கள்.

பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். பிரேக்கையே அந்த மெக்கானிக்கை நம்பித்தானே விடுகிறோம்? சென்சாரை மட்டும் அவர் தொடக்கூடாதா?

வரியும் இன்சூரன்ஸும் நான் கட்டுகிறேன். ஆர்.சி. புத்தகம் என் பெயரில். பழுதுபார்க்கும் உரிமை மட்டும் ஏன் இன்னொருவர் பெயரில்?