நடப்பவரையும் எண்ணுங்கள்

2023 டிசம்பர் 30 அதிகாலை. திருச்சி - ராமேசுவரம் நெடுஞ்சாலையில், நமணசமுத்திரம் அருகே சாலையோரத் தேநீர்க் கடையில் இளைப்பாறிய வெளியூர் பக்தர்கள் மீது சிமென்ட் லாரி பாய்ந்தது. 5 பேர் இறந்தார்கள். சாலையை வேகமாகக் கடந்து போனவர்கள் அல்ல அவர்கள், ஓரமாக நின்றவர்கள்.

2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இறந்த மூவரில் ஏறக்குறைய இருவர் கார் ஏறாத மக்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105.

திருச்சி - புதுக்கோட்டை சாலையில் அரைவட்டச் சாலை வந்து சேரும் மாத்தூர் போன்ற இடங்களைப் பார்க்கும் எவருக்கும், சந்திப்புகளை நல்ல முறையில் அமைக்க வேண்டும் என்று தோன்றும். நெரிசல் குறைய வேண்டும், விபத்து குறைய வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யாருடைய பயணத்தைக் கணக்கில் வைத்து வரைபடம் போடப்படுகிறது என்பதே நம் கேள்வி.

சந்திப்பை வடிவமைக்கும் முன் போக்குவரத்தை எண்ணுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஊரகச் சாலைகளுக்கு வகுத்த கணக்கில் கார் 1 அலகு; லாரி 3; சைக்கிள் 0.5, மாட்டுவண்டிக்குக்கூட 8 உண்டு. தூக்குவாளியோடு கூலி வேலைக்கு நடக்கும் பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் எண்ணே இல்லை. நடப்பவர் வசதிக்கென்று அதே அமைப்பு தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது ஊர்ப்புற நெடுஞ்சாலையில் இறங்கி வருவது அரிது.

இது ஏன் இந்தப் பத்தியில் பேசவேண்டிய செய்தி? ஊர் ஒரு பக்கம், காலனி மறுபக்கம் என்று பிரித்து வைத்தது சாதி. பல ஊர்களில் அந்த இடைவெளியில்தான் சாலை போகிறது. பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் ஊர்ப் பக்கம். நான்குவழி வந்து நடுவில் தடுப்புச் சுவர் எழுந்தால், காலனிப் பிள்ளை சுவர் ஏறிக் குதிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த திறப்பு வரை நடக்க வேண்டும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்த வழியும் அடைபடும். சுடுகாடு மறுபக்கம் இருந்தால், பிணத்தைத் தூக்கியவர்கள் லாரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து நிற்கவேண்டியிருக்கிறது.

இடதுபுறம் நிற்காமல் திரும்பத் தனிப்பாதை போட்டால் வாகன ஓட்டிக்கு வசதி. அதைக் குறுக்கே கடப்பவருக்கோ வண்டி நிற்கும் நேரமே கிடைக்காது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே சந்திப்பின் முதல் வேலை வேகத்தைக் குறைப்பதுதான். சற்றே உயர்த்திய கடவை, நடுவில் ஒதுங்கி நிற்கத் திட்டு, விளக்கு, கடவையை ஒட்டியே பேருந்து நிறுத்தம், தண்ணீர் வடியும் சுரங்கப்பாதை: மேம்பாலச் செலவோடு ஒப்பிட்டால் இவை பெரிய தொகை அல்ல.

500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் 10 பேர் இறந்தால், அல்லது மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்தால், அந்த இடம் ‘கரும்புள்ளி’ ஆகும். அதாவது, பிணம் விழுந்த பிறகே பெயர் பட்டியலில் ஏறும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிக்கை வந்தால், நிலத்தில் உரிமை உள்ளவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தரலாம். பாதுகாப்புத் தரத்தை மீறி வடிவமைத்து உயிர் போனால், பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது.

பொதுச் சாலையில் எவரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் சென்னை மாகாண சட்டசபையில் நிறைவேறச் செய்தவர் இரட்டைமலை சீனிவாசன். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. சட்டம் திறந்துவிட்ட சாலையை வரைபடம் மூடிவிடக் கூடாது.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு, எந்தச் சந்திப்பை மாற்றும் முன்பும் காலையிலும் மாலையிலும் நடந்து கடப்பவர்களை எண்ணச் சொல்ல வேண்டும். வரைபடத்தைத் தமிழில், கிராம சபையில், காலனி மக்களின் முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். கல்லூரி மாணவர்களே, நீங்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சந்திப்பில் காலை 7 முதல் 9 வரை உட்காருங்கள். எத்தனை பேர், எந்தப் பக்கமிருந்து, எதற்காகக் கடக்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் கணக்கைத் தீர்மானமாக வையுங்கள்.