பழைய தகடுகளைப் படிக்க ஒரு மலிவான கம்ப்யூட்டர்

மழை அளவும் மண் சோதனை முடிவும் பதிந்த பிளாப்பித் தகடுகளைக் குப்பையிற் சேர்ப்பது அறிவுடைமை ஆகாது. சென்ற பருவத்தின் மழையை மீண்டும் அளக்க எவராலும் இயலாது. தகட்டைப் படிக்கும் யந்திரத்தையோ சிறு செலவில் மீண்டும் அமைத்துவிடலாம்.

இங்கிலாந்தில் 1086-இல் தோலில் எழுதப்பெற்ற டூம்ஸ்டே நிலப் பதிவேடு இன்றும் படிக்கத்தக்கதாய் உள்ளது. அதன் 900-ஆம் ஆண்டு நினைவாகப் பள்ளிச் சிறார்கள் திரட்டிய செய்திகளை பி.பி.சி. 1986-இல் லேசர் தகடுகளிற் பதித்தது. 2002 அளவில் அவற்றைப் படிக்கும் யந்திரமே அரிதாயிற்று. மீட்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டியிருந்தது. சிறாரின் உழைப்பு இவ்வாறு இடருற்றது ஆசிரியர்கள் கருதத்தக்கது.

3.5 அங்குலத் தகட்டுக்கு யு.எஸ்.பி. வழியே இணையும் படிப்பி போதும். 5.25 அங்குலத் தகட்டுக்கு அது உதவாது. பிளாப்பிக்குரிய 34 முனை இணைப்புள்ள பழைய தாய்ப்பலகையும் அவ்வளவுக்கேற்ற படிப்பியும் வேண்டும். 2000-ஐ ஒட்டி விற்ற மேசைக் கம்ப்யூட்டர்களில் அவ்விணைப்பு பெரும்பாலும் உண்டு. பழம்பொருட் கடையில் தேடுவோர் யு.எஸ்.பி. துளையும் உள்ளதையே தேர்வது நன்று. படித்தவற்றை வெளியே கொண்டுசெல்ல அதுவே எளிய வழி.

எழுத்துத் தடையில் பலர் தடுமாறுவர். 5.25 அங்குலத் தகட்டின் ஓர வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும், 3.5 அங்குலத் தகட்டிலோ, மாறாக, மூலைத் துளை திறந்திருக்க வேண்டும். பின்னர் முழுத் தகட்டையும் ஒருமுறை நகலெடுத்து, அந்நகலிலேயே ஆய்வை நடத்துக. பூஞ்சை படிந்த தகட்டைத் துடைக்காமற் செருகலாகாது. அது படிப்பியின் முனையை அழுக்காக்கி, அடுத்து வரும் நல்ல தகட்டையும் கீறிவிடும்.

அலுவலகந்தோறும் இத்தகைய யந்திரம் தேவையில்லை. மாவட்டத்திற்கு ஒன்றும், அதனை அறிந்த ஊழியர் ஒருவரும் போதும்.