பூவும் எலுமிச்சையும் பாட்டிலுக்குள்ள நிக்காது



வெயில் ஏறிடுச்சு. இனி எங்க பார்த்தாலும் கலர் கலரா பாட்டில்தான். மேல ஒரு பூப்படம், பக்கத்துல அறுத்து வச்ச எலுமிச்சை, இலையோட ஒரு பழம். கல்யாண மண்டபத்துக்குப் போனா வாசல்லயே அதே நிறத்துல நீளமான கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி நீட்டுறாங்க. என்னன்னு கேட்டா மாக்டெயிலாம். மது கலக்காத பானம்னு விளக்கம் வேற. இட்லியை யாராச்சும் கறி போடாத இட்லின்னு சொல்லுவாங்களா? பானகம், நீர்மோர், நன்னாரி சர்பத்துன்னு குடிச்சு வளந்த நாட்டுல எலுமிச்சைத் தண்ணிக்கு இப்படி ஒரு அறிமுகம் வேண்டிக்கிடக்கு.

பேரு எதுவோ இருந்துட்டுப் போகட்டும். பூ, பழம், எலுமிச்சை மூணும் சேர்ந்த சர்பத் நல்ல பானம். அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அது வீட்டுல செய்ய வேண்டிய பானம், கடையில வாங்குற பானம் இல்ல. காசு மிச்சமாகும்கிறதுக்காக மட்டும் இதைச் சொல்லல. அந்தப் பானத்துல எது நல்லதோ அது பாட்டிலுக்குள்ள நிக்காது.

பாட்டில்ல எலுமிச்சையே கிடையாது, எல்லாம் ஏமாத்துன்னு சிலர் பேசுறாங்க. எலுமிச்சை போடுற விவசாயி நானே சொல்றேன், அது முழுசா நியாயமான பேச்சு இல்ல. குடிக்கத் தயாரா விக்கிற எலுமிச்சை பானத்துல நூத்துக்கு 5 பங்கு சாறு இருந்தா போதும், மத்த பழ பானத்துல 10 பங்கு இருக்கணும்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி சொல்லுது. 5 பங்குன்னா கம்மியாத் தெரியும். நம்ம வீட்டுக் கணக்கைப் பாருங்க. 200 மில்லி டம்ளருக்கு அரைப் பழம் பிழியுறோம். 10 மில்லி சாறு வந்தா பெருசு. அதுவும் 5 பங்குதானே? அதனால சாறு சேர்த்த பானத்தை அளவுல குத்தம் சொல்ல முடியாது. சாறே சேர்க்காம வாசனை மட்டும் போட்டது தனி ரகம். அதை லேபிளைப் படிச்சா தெரிஞ்சுக்கலாம்.

கோளாறு நேரத்துல இருக்கு. எலுமிச்சையோட மணம் சாறுல இல்ல, தோல்ல இருக்கிற எண்ணெயில இருக்கு. பழத்தை அறுக்கும்போது மூக்குல ஏறுமே, அதுதான். அது காத்துல பறக்கிற சரக்கு. பிழிஞ்ச சாறை அப்படியே வெளியில வச்சா சில மணி நேரத்துல மணம் போயி கசப்புத் தட்ட ஆரம்பிக்கும். பூவோட நிறம் இன்னும் மோசம். சூட்டுலயும் வெளிச்சத்துலயும் மங்கிடும். ஆறு மாசம் கடைத் தட்டுல நிக்கணும்னா நிறத்தையும் மணத்தையும் வெளியில இருந்துதான் சேர்க்கணும், வேற வழி கிடையாது. நீங்க வீட்டுல பிழிஞ்சா பத்து நிமிசத்துல குடிச்சிருவீங்க. இந்தப் பத்து நிமிசத்தை எந்த ஆலையாலயும் பாட்டில்ல அடைக்க முடியாது.

சரி, வீட்டுல செய்யலாம்னு கிளம்புறவங்க முதல்ல பண்றது என்ன? பூக்கடைக்குப் போயி கால் கிலோ ரோஜா வாங்குறது. இங்கதான் கொஞ்சம் நில்லுங்கன்னு சொல்றேன்.

மாலைக்கும் தலைக்கும் விக்கிற பூவைத் தண்ணியில போட்டுக் குடிக்காதீங்க. ரோஜாவுக்கும் மல்லிக்கும் இலைப்பேன், அசுவினி, மொட்டுப்புழுன்னு வரிசையா வரும். மருந்து அடிக்காம பூ எடுக்கிறவங்க ரொம்பக் கம்மி. காய்கறிக்கும் மருந்து அடிக்கிறாங்களேன்னு கேப்பீங்க. வித்தியாசம் இருக்கு. காய்கறிக்கு மருந்து அடிச்சா இத்தனை நாள் கழிச்சுத்தான் பறிக்கணும்னு ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. எல்லாரும் அதைக் கடைப்பிடிக்கிறாங்களாங்கிறது வேற கதை, ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கு. பூவுல அது நடக்காது. பூ தினமும் பறிக்கிற வெள்ளாமை. இன்னைக்குச் சாயங்காலம் மருந்தடிச்சாலும் நாளைக்கு விடியக்காலம் பறிச்சே ஆகணும், இல்லேன்னா விரிஞ்சு வீணாப் போகும். சாமிக்கும் கொண்டைக்கும் போற பூதானேன்னு யாரும் யோசிக்கிறதும் இல்ல. பூ போடுற விவசாயியைக் குத்தம் சொல்லல. அவர் திங்கிறதுக்குன்னு விக்கல. வாங்குறவங்கதான் தெரிஞ்சு வாங்கணும்.

இன்னொண்ணு. அழகா இருக்கிற பூ எல்லாம் குடிக்கிற பூ இல்ல. அரளி விஷம். செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எல்லாமே விஷம்தான். பூ, இலை, பட்டை எதையும் வாயில வைக்கக் கூடாது. படத்தைப் பார்த்து இளஞ்சிவப்பா இருக்கேன்னு ஏதாவது பூவைப் பறிச்சுப் போட்டுறாதீங்க. நல்லாத் தெரிஞ்ச பூவா இருந்தா மட்டும் கையை வைங்க.

அப்போ எந்தப் பூ? என்னைக் கேட்டா நம்ம நாட்டுச் செம்பருத்தி. ஒத்தை அடுக்குல அஞ்சு இதழோட சிவப்பாப் பூக்குமே, அது. மாடியில ஒரு தொட்டி இருந்தா போதும். மழைக்காலத்துல பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை வெட்டி ஊனி வச்சா பெரும்பாலும் வேர் பிடிச்சுக்கும். வெயில் படுற இடமா இருக்கணும். அதுக்குப் பெரிய எதிரி மாவுப்பூச்சி. ஆரம்பத்துலயே பார்த்து, குழாய்த் தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவி விட்டு, வேப்பெண்ணெய் தெளிச்சா அடங்கும். நர்சரியில இருந்து பூத்த செடியாவே வாங்கிட்டு வந்தீங்கன்னா முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துப் பூவைச் சாமி படத்துக்கு வைங்க. அங்க என்ன மருந்து அடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

செம்பருத்தியில ஒரு குறை உண்டு. நிறம் அள்ளிக் கொடுக்கும், மணம் கிடையாது. மணத்துக்குத்தான் பழம். அதுக்கு நான் சொல்றது பன்னீர் திராட்சை. பேருலயே பன்னீர் இருக்கு பாருங்க. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குல வருசம் பூரா விளையிற பழம், 2023-ல புவிசார் குறியீடும் வாங்கிருச்சு. விதையில்லாத பச்சைத் திராட்சையில அந்த மணம் வராது. திராட்சைக்கும் மருந்து அடிக்கிறதுதான். ஆனா அது திங்கிற பழம்னு தெரிஞ்சு அடிக்கிறது. உப்புத் தண்ணியில கால் மணி நேரம் போட்டு, அப்புறம் ரெண்டு தடவை நல்ல தண்ணியில அலசுங்க.

செய்முறை பெருசா ஒண்ணும் இல்ல. நாலு பேருக்குச் சொல்றேன்.

காலையில விரிஞ்ச செம்பருத்தி எட்டுப் பத்து பறிங்க. அடியில இருக்கிற பச்சைக் காம்பையும் நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற மகரந்தத் தண்டையும் கிள்ளிப் போட்டுட்டு இதழை மட்டும் அலசி வைங்க. அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு அடுப்பை அணைச்சுட்டு, ஒரு நிமிசம் கழிச்சு இதழைப் போட்டு மூடுங்க. எவர்சில்வர், கண்ணாடி, மண் பாத்திரம் எது வேணா எடுக்கலாம். அலுமினியம், பித்தளை, செம்பு வேண்டாம், புளிப்பு சேர்ற பானம். பத்து நிமிசத்துல இதழ் வெளிறிப் போகும், தண்ணி கருநீலமும் ஊதாவுமா இறங்கும். துணியில வடிகட்டுங்க. பிழியாதீங்க. செம்பருத்தியில கொழகொழப்பு உண்டு, பிழிஞ்சா அதெல்லாம் இறங்கிடும். அந்தச் சூட்டுலயே 60 கிராம் சர்க்கரை, அதாவது நாலு மேசைக்கரண்டி, போட்டுக் கரைச்சு ஆற விடுங்க.

கால் கிலோ திராட்சையைக் கையாலயே பிசைஞ்சு வடிகட்டுங்க. மிக்ஸியில அடிச்சா விதை உடைஞ்சு துவர்ப்பு ஏறும். ஆறின பூத்தண்ணியில இதை ஊத்தி, அரை லிட்டர் பானைத் தண்ணியும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்க.

கடைசியா எலுமிச்சை, ரெண்டு பழம். இதைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டுப் பிழியுங்க. மங்கலா ஊதா நிறத்துல கிடந்த தண்ணி சாறு விழுந்ததும் பளீர்னு சிவப்பா மாறும். பள்ளிக்கூடத்துல அமிலம், காரம் கண்டுபிடிக்கச் செம்பருத்திச் சாறு வச்சுக் காட்டினாங்களே, அதேதான். ஆந்தோசயனின்னு பூவுல இருக்கிற நிறமி பண்ற வேலை. எந்தக் கலர் பொடியும் வேண்டாம். பழத்தை வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டா சாறு நல்லா இறங்கும். போட்டு நசுக்காம பிழிஞ்சா வெள்ளைத் தோலோட கசப்பு சேராது.

சர்க்கரைக் கணக்கையும் பார்த்துக்குங்க. நம்ம பானத்துல ஒரு டம்ளருக்கு நாம சேர்த்தது 15 கிராம். கடைப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, 100 மில்லிக்கே 10 கிராம், அதுக்கு மேலயும் இருக்கிறது சாதாரணம். 250 மில்லி குடிச்சா 25 கிராம் உள்ள போயிடும். வீட்டுல செஞ்சா நாளுக்கு நாள் அரைக் கரண்டி குறைச்சுப் பழகலாம். வீட்டுல செஞ்சதுங்கிறதுக்காகச் சர்க்கரை நோய்க்காரங்க டம்ளர் டம்ளரா குடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. கர்ப்பிணிகளும் பிரசருக்கு மாத்திரை சாப்பிடுறவங்களும் செம்பருத்தி விஷயத்துல டாக்டரைக் கேட்டுக்குங்க.

செஞ்சதை அன்னைக்கே குடிச்சு முடிங்க. திராட்சைச் சாறும் சர்க்கரையும் சேர்ந்து ரெண்டு நாள் வெளியில கிடந்தா நுரை கட்டும், புளிச்ச வாடை வரும். அப்புறம் அது மது கலக்காத பானமும் இல்ல, நல்ல மதுவும் இல்ல, கெட்டுப்போன தண்ணி.

இப்போ எலுமிச்சைக்கு வர்றேன். இதுதான் எங்க வயித்துப்பாடு.

நான் இருக்கிற தென்காசிப் பக்கம் புளியங்குடியை எலுமிச்சை நகரம்னு சொல்லுவாங்க. சுத்துப்பட்டுல எலுமிச்சைதான் பல குடும்பத்துக்குச் சோறு. சித்திரையில மரத்துல காய் கம்மி, பட்டணத்துல தேவை அதிகம். விலை ஏறும். 2022 ஏப்ரல்ல நாட்டுல பல நகரங்கள்ல கிலோ 200 ரூபாயைத் தாண்டுச்சு. டிவியில எல்லாம் அதுதான் பேச்சு. அதே எலுமிச்சை மழை மாசங்கள்ல மரம் கொள்ளாமக் காய்க்கும்போது என்ன விலைக்குப் போகுதுன்னு யாரும் பேசுறதில்ல. பறிகூலி, சாக்கு, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் கழிச்சா கையில நிக்காதுன்னு மரத்தடியிலயே விட்டுட்டு வந்த வருசங்கள் எங்க ஊர்ல பல பேருக்கு உண்டு.

அந்த மழைக்காலத்துல இன்னொரு வம்பு, சொறி நோய். பழத்தோல்ல பழுப்பா, சொரசொரன்னு பொட்டுப் பொட்டா வரும். அது தோலோட நிக்கிற நோய். தோல் வெடிக்காம முழுசா இருந்தா சாறுக்கு ஒரு பழுதும் கிடையாது. ஆனா பொட்டு இருந்தா ரெண்டாம் தரம்னு ஒதுக்கிடுறாங்க, ஏன்னா பட்டணத்துக்காரங்க எடுக்க மாட்டாங்களாம். பெருசா, பளபளன்னு, எல்லாம் ஒரே அளவா இருக்கணுமாம். கையில எடுத்துப் பாருங்க. பெருசா இருக்கிறது பல சமயம் தோல் தடிச்சதா இருக்கும். சின்னதா, மஞ்சளா, தோல் மெல்லிசா, கையில கனமாத் தெரியிற பழத்துலதான் சாறு.

அதனால நான் உங்ககிட்ட கேக்கிறது ரெண்டுதான். பொட்டு விழுந்த பழத்தை ஒதுக்காதீங்க. தோலைச் சீவிப் போடுற பலகாரமா செய்யப் போறீங்க? பிழியத்தானே போறீங்க. ரெண்டாவது, மழைக்காலத்துல மலிவா வரும்போது ரெண்டு கிலோ சேர்த்து வாங்கிப் பிழிஞ்சு, ஐஸ் தட்டுல ஊத்திப் பிரீசர்ல வச்சிருங்க. உறைஞ்சதும் டப்பாவுல கொட்டி மூடி வச்சா சித்திரை வெயிலுக்கு ஒவ்வொரு கட்டியா எடுத்துப் போட்டுக்கலாம். அப்போ பிழிஞ்ச பழத்தோட மணம் முழுசா இருக்காதுதான், அரைப் பழம் புதுசாச் சேர்த்தா அதுவும் சரியாப் போகும். உங்களுக்குக் கோடையில செலவு மிச்சம். எங்களுக்கு மழையில ஒரு கிலோ கூடுதலாப் போகும்.

ஒரு பாட்டில் வாங்காம விட்டா விவசாயி வாழ்ந்துடுவான்னு பெருசாப் பேசல. ஆனா மாடியில ஒரு செம்பருத்தி, கூடையில நாலு பொட்டுப் பழம், பிரீசர்ல ஒரு தட்டு சாறு, இது மூணும் எல்லா வீட்டுலயும் ஆகிற காரியம். இந்த வாரமே ஒரு குச்சி கேட்டு வாங்கி ஊனிருங்க. வெயில் காலமா இருந்தா நிழல்ல வச்சுத் தினமும் தண்ணி தெளிங்க, பிடிச்சுக்கும்.